மூன்று வயதுக் குழந்தையும் பெரியவர்களின் நம்பிக்கையும்

(கள்ளக்குறிச்சியில் மழலையர் பள்ளி நடத்துவோரும் ஆசிரியைகளும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பாதிரியார்கள் இருக்கிறீர்கள். கன்னியர் மடத்துச் சகோதரிகள், பள்ளிவாசல் ஜமாத்தார், கோயில் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள், ஆசிரமத்துப் பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் இருக்கிறீர்கள். பின்வரிசையில் பால்வாடி டீச்சர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்வரிசைக்கு வந்தால் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் வழிபாடு வேறு வேறு. ஆனால் ஜூன் மாதக் காலையில் உங்கள் எல்லோர் வாசலிலும் நடப்பது ஒன்றுதான். மூன்று வயதுக் குழந்தை ஒன்று அம்மாவின் முந்தானையை விடமாட்டேன் என்று அழுகிறது. அந்தக் கையை விடுவித்து உள்ளே தூக்கிக்கொண்டு போகிறீர்கள். அந்த நிமிடத்திலிருந்து அது யாரை நம்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கடவுள் பெயரால் நடக்கும் மழலையர் பள்ளியில் குழந்தை என்ன கற்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழலையர் பள்ளியை வியாபாரமாக நடத்துகிறவர், பெற்றோர் எதைப் பார்த்து மகிழ்வார்களோ அதைக் காட்டியாக வேண்டும். அரசு நடத்தினால் விதிமுறையும் பதிவேடும் முன்னால் வந்து நிற்கும். நம்பிக்கையின் பெயரால் நடத்துகிறவர்களுக்கு மட்டும் இந்த இரண்டிலிருந்தும் ஓரளவு விடுதலை இருக்கிறது. லாபம் வராவிட்டாலும் நடத்தலாம். பத்தே குழந்தைகள் இருக்கிற இடத்திலும் நடத்தலாம். அந்த விடுதலையை வைத்துக்கொண்டு கீழே ஊரில் என்ன செய்கிறோம், மேலே கல்வராயன் மலையில் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட முதல் பள்ளிகளில் ஒன்று, ஓர் ஏழை மலையில்தான் பிறந்தது. பிரான்சின் கிழக்கே வோஜ் என்றொரு மலைத்தொடர். அங்கே வால்டர்ஸ்பாக் என்ற சிற்றூருக்கு 1767-இல் போதகராக வந்தவர் ழான் பிரெடரிக் ஓபர்லின். மெலிந்த மண், மோசமான பாதை, பனிக்காலத்தில் வெளியுலகத் தொடர்பே இல்லை. மக்கள் பேசியதோ வெளியூராருக்குப் புரியாத வட்டாரப் பேச்சு. பெரியவர்கள் வயலுக்குப் போன பிறகு சின்னஞ்சிறுசுகள் வாசலிலும் வழியிலும் கிடந்தன. அந்த மலையூர்களில் ஒன்றில் சாரா பான்சே என்ற இளம்பெண், அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் தன் வீட்டில் கூட்டிவைத்துப் பின்னல் வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓபர்லின் அதைப் பார்த்தார். அவளுக்கு ஊதியம் ஏற்பாடு செய்தார். மற்ற ஊர்களிலும் அதேபோலப் பெண்களைத் தேடிப் பிடித்தார். பின்னல், பாட்டு, வேதாகமக் கதை, மலையில் முளைக்கும் செடிகொடிகளின் பெயர், படம் பார்த்துப் பேசுவது, இவைதான் அங்கே பாடம். அவர் வீட்டு வேலைக்கு வந்த லூயிஸ் ஷெப்ளர் என்ற குடியானவப் பெண் வாழ்நாள் முழுவதையும் இந்தக் குழந்தைகளுக்கே கொடுத்தாள். 1829-இல் பிரெஞ்சு அக்காதெமி அவளுக்குப் பரிசளித்துப் பெருமை செய்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று. ஊருக்குச் சாலை இல்லை என்றதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கியவரும் அதே போதகர்தான். பின்னால்தான் ஊர் இறங்கியது. குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவதும் பாலம் கட்டுவதும் அவருக்கு ஒரே ஊழியத்தின் இரண்டு வேலைகள். கல்வராயன் மலையில் கால் வைக்கும் ஒவ்வொரு மத நிறுவனமும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்து பிரீட்ரிக் பிரோபெல். ஜெர்மனியில் ஒரு போதகரின் மகன். 1837-இல் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார். நம் ஊர்ப் பலகைகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று இருக்கிறதே, அதற்கெல்லாம் மூலம் அவர்தான். நூல் பந்து, மரக்கட்டை, வட்டமாக நின்று பாடும் பாட்டு, தோட்டம், இவை மூலமாகவே குழந்தை படைப்பின் ஒற்றுமையை உணரும் என்று நம்பினார். அவர் எழுதியதில் கடவுள் இல்லாத பக்கத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவருடைய பள்ளிகளை 1851-இல் பிரஷ்ய அரசு தடைசெய்தது. என்ன காரணம் தெரியுமா? நாத்திகம் பரப்புகிறார்களாம்! அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். தடை நீங்கியது 1860-இல்தான்.

வேதப் பாடத்தை மனப்பாடம் செய்யவைக்காமல் கையில் பந்தைக் கொடுத்தால் அது கடவுள் மறுப்பு என்று பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள். இந்தத் தவறு அந்த நாட்டோடும் அந்தக் காலத்தோடும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆண்டுவிழா மேடையில் நாலு வயதுக் குழந்தை நீளமாக ஒரு துதியையோ சுலோகத்தையோ வசனத்தையோ தடங்கல் இல்லாமல் சொன்னால்தான் நம் பள்ளியில் பக்தி இருக்கிறது என்று நாமும் நினைக்கிறோம். மூச்சு வாங்க ஒப்பித்துவிட்டு அந்தக் குழந்தை முதலில் யார் முகத்தைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அம்மா முகத்தை, டீச்சர் முகத்தை. அது சொன்னது உங்களுக்காக.

மரியா மாண்டிசோரி அம்மையார் ஆழ்ந்த கத்தோலிக்கர். 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. பிறகு பார்சிலோனாவில், குழந்தைகளின் உயரத்துக்கேற்ற நாற்காலியும் மேசையும் போட்ட ஒரு சிறு தேவாலயத்தை அமைத்துப் பார்த்தார்கள். அங்கே குழந்தைகள் கோதுமை விதைத்தார்கள், திராட்சை வளர்த்தார்கள். திருப்பலிக்கு வேண்டிய அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தங்கள் கையாலேயே அறிந்தார்கள். விளக்கம் சொல்வதற்கு முன்னால் வேலை கொடுத்தார்கள். இதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். ஓலைக் கொட்டகையில் ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் இத்தாலியர் என்ற காரணத்துக்காக அவருக்குக் கட்டுப்பாடு வந்தது. கொடைக்கானல் மலையில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கேயும் குழந்தைகளோடுதான் இருந்தார். ஒரு கத்தோலிக்கப் பெண்மணி, பிரம்மஞானிகளின் வளாகத்தில், பல மதத்து ஆசிரியர்களுக்கு, குழந்தையை எப்படிக் கவனிப்பது என்று சொல்லித்தந்தார். நம்பிக்கை உள்ளவர்கள் இப்படியும் நடந்துகொள்ள முடியும் என்பதற்கு நம் தமிழ்நாடே சாட்சி.

நம் பழைய வழக்கத்தில் பள்ளி என்பது ஐந்து வயதில் தொடங்கியது. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுத்து, திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்து, மக்தபில் அலிஃப், மிஷன் பள்ளியில் சிலேட்டு. அதற்கு முந்தைய வயதுக்கு வீடுதான் பள்ளி, ஆயாவும் அத்தையும்தான் ஆசிரியைகள். இன்று அந்த வீட்டில் பகலில் ஆள் இல்லை. ஆகவே மூன்று வயதுக்குப் பள்ளி வேண்டியிருக்கிறது. ஆனால் ஐந்து வயதுக்குரிய மணலையும் சிலேட்டையும் மட்டும் கீழே இறக்கிக் கொடுத்தால் அது மூன்று வயதுக்கான பள்ளி ஆகாது.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையை ஒட்டி ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், அதற்கப்பால் சேலம் மாவட்டத்துப் பக்கம் கருமந்துறை. மலையாளி என்று அரசுப் பட்டியலில் சொல்லப்படும் பழங்குடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழித்தோன்றல்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்கிறார்கள். கரிராமன் அவர்கள் வணங்கும் தெய்வம். சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன், இவற்றோடு இருக்கிறது அவர்கள் வாழ்க்கை.

இந்த மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் அது முழுமையாக அரசின் கைக்கு வந்தது. நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அதாவது அங்கன்வாடித் திட்டம், 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கியது. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் அங்கன்வாடி பிறந்தபோது கல்வராயன் மலைக் குழந்தை இன்னும் ஜாகிர் குடியாகவே இருந்தது. சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து ஆட்சிக்குள் வந்த மக்களைப் பார்த்து, ஏன் பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லை என்று கேட்பதற்கு முன் நமக்குக் கொஞ்சம் தயக்கம் வர வேண்டும்.

2024 ஜூனில் இந்த ஊரில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்தது. சாராயம் காய்ச்சும் மலை என்று பெயர் வாங்கிய இடத்தில் சாலை இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா, மருத்துவம் இருக்கிறதா என்ற கேள்வி அப்போதுதான் பொதுவெளிக்கு வந்தது. அந்தக் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அங்கே மூன்று வயதுக் குழந்தை பகல் நேரத்தில் எங்கே இருக்கிறது?

எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். காட்டு வேலைக்குப் போகும் அம்மாவோடு வரப்பில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கேரளத்துக்கோ குடகுத் தோட்டங்களுக்கோ கூலிக்குப் போன மாதங்களில் பாட்டியிடம் இருக்கிறது, அல்லது அவர்களோடு தோட்டத்து லயத்தில் இருக்கிறது. எட்டு வயது அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அந்த அக்காவின் படிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே மலையில் ஒரு மழலையர் மையம் என்பது ஒரு குழந்தைக்கு மட்டும் ஆனதல்ல. அது திறந்தால்தான் அக்கா பள்ளிக்குப் போக முடியும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளையும் உட்கார வைத்துச் சோறு போட்டது. முட்டையும் சத்துமாவும் மலைவரை போகின்றன. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். ஆனால் மலையில் நடுநிலைப் பள்ளி எவ்வளவு தூரம்? மூன்று வயதுக் கால் அவ்வளவு நடக்காது. மலைப் பகுதிகளில் 300 பேர் உள்ள ஊருக்கு ஒரு மையம், 150 பேர் இருந்தால் ஒரு குறு மையம் என்பது திட்டத்தின் விதி. ஓடைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, இந்தப் பக்கம் ஒன்பது வீடு என்று சிதறியிருக்கும் மலை வளவுகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

சட்டமும் இந்த வயதுக்குக் கை கொடுப்பதில் தயங்குகிறது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை. அரசியல் சட்டத்தின் 21-ஏ பிரிவு அதைச் சொல்கிறது. ஆறு வயதுக்குக் கீழே வந்தால் 45-ஆவது பிரிவு. அரசு முயற்சி செய்யும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. உரிமை தொடங்காத வயது இது. அங்கேதான் நம்பிக்கையின் பெயரால் வேலை செய்கிறவர்களுக்கு இடம் இருக்கிறது.

இதை ஏற்கெனவே செய்து காட்டியவர்கள் உண்டு. தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் கிராமத்துக் குழந்தைகளுக்கான பாலர் கல்வி மையத்தைத் தொடங்கினார். 1957-இல் கோஸ்பாட் குன்றுக்குப் போனார். அவரோடு அனுதாய் வாக். அங்கே வார்லிப் பழங்குடி மக்கள். அழகான பள்ளி அமைத்தும் குழந்தைகள் வரவில்லை. ஆகவே பள்ளியை எடுத்துக்கொண்டு இவர்கள் குடிசை முற்றத்துக்குப் போனார்கள். குளிப்பாட்டினார்கள், நகம் வெட்டினார்கள், பிறகு பாடினார்கள். கடையில் வாங்கிய மாண்டிசோரிச் சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், விதை, இலை, சிப்பி. மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி. இன்றைய அங்கன்வாடிக்கு முன்மாதிரி அந்தக் குன்றில் இருக்கிறது. அவர்கள் எந்த மதத்தின் பெயரையும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆனால் அந்தப் பொறுமையைப் பக்தி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கல்வராயன் மலையில் அதைவிட எளிது. மொழி தமிழ். எண்ணிப் பழகக் கடுக்காய் இருக்கிறது, புளியங்கொட்டை இருக்கிறது. பல்லாங்குழி ஆடும் பாட்டி ஒருத்தியை உட்கார வைத்தால் நான்கு வயதுக்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஐந்து ஐந்தாகப் பிரிப்பது, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது, எந்தக் குழியில் முடியும் என்று முன்கூட்டியே ஊகிப்பது, தோற்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவது. மலைப் பிள்ளைக்குக் கீழே இருக்கும் பிள்ளையைவிட அதிகமான செடியும் பறவையும் தெரியும். அதை அறிவு என்று ஏற்றுக்கொள்ளும் ஆசிரியை மட்டும் வேண்டும்.

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

மலைக் குழந்தை உங்கள் மையத்துக்கு வரும்போது தனியாக வருவதில்லை. கரிராமனோடு வருகிறது, மாரியம்மனோடு வருகிறது, கழுத்தில் பாட்டி கட்டிய கயிற்றோடு வருகிறது. உங்கள் சுவரில் வேறு படம் இருக்கலாம். உங்கள் விளக்கும் சிலுவையும் பிறையும் உங்களுக்கு உயிர். அவற்றை மறைக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மறைத்தால் நீங்கள் நீங்களாக இருக்க முடியாது. ஆனால் அந்தக் கயிற்றைத் தொடாதீர்கள். அது சாமி இல்லை என்று சொல்லாதீர்கள். நீ செய்தது பாவம், கடவுள் கண்ணைக் குத்திவிடுவார் என்று மூன்று வயதிடம் சொல்லாதீர்கள். அந்த வயதில் சொன்னதெல்லாம் அப்படியே உள்ளே போகும். போனது எளிதில் வெளியே வராது. இரவில் இருட்டைப் பார்த்து அழும் குழந்தைக்கு உங்கள் கடவுளையும் சேர்த்துப் பயப்படக் கற்றுக்கொடுத்தால், உங்கள் கடவுளுக்கே நீங்கள் நியாயம் செய்யவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு ஒன்று உண்டு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில், ஒருவருடைய சம்மதம் இல்லாமல், சிறு வயதினராக இருந்தால் காப்பாளர் சம்மதம் இல்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. சம்மதம் என்பது சேர்க்கைப் படிவத்தில் வாங்கும் கைநாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. சோறு போடுகிறவர் முன்னால், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் முன்னால், ஓர் ஏழைத் தாய் எப்படி வேண்டாம் என்று சொல்வாள்? அவளால் சொல்ல முடியாது என்று தெரிந்திருப்பதால், அவள் சொல்லாததையும் சேர்த்து நீங்கள்தான் காக்க வேண்டும். பள்ளி கொடுத்ததற்குப் பதிலாக மலை மக்களிடம் எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது. நன்றியைக்கூட.

அப்படியானால் நம்பிக்கைக்குப் பள்ளியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய வேலை இருக்கிறது. சேர்ந்து பாடுவது, கதை கேட்பது, கண்ணை மூடி ஒரு நிமிடம் சும்மா இருப்பது, சாப்பிடும் முன் எல்லோர் தட்டிலும் விழுந்துவிட்டதா என்று பார்ப்பது, பண்டிகைக்குக் காத்திருப்பது, செத்த பட்டாம்பூச்சிக்குக் குழி தோண்டுவது. எல்லா மதங்களும் நூற்றாண்டுகளாகப் பயிற்சி செய்துவந்தவை இவைதான். குழந்தைக் கல்வி வல்லுநர்கள் இந்த வயதுக்கு வேண்டும் என்று சொல்வதும் ஏறக்குறைய இவற்றைத்தான். காத்திருக்கத் தெரிந்த குழந்தை, அடுத்தவர் முறை வரும்வரை பொறுக்கத் தெரிந்த குழந்தை, பிறகு எழுத்தையும் எண்ணையும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். நாம் இந்தச் செல்வத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு நாலுகோடு நோட்டைக் கையில் கொடுக்கிறோம்.

கீழே ஊரில் நடப்பதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சர்ச் பெயரிலும் சாமி பெயரிலும் நடக்கும் நர்சரிகளில் பல, பக்கத்துத் தனியார் நர்சரியோடு போட்டி போடுகின்றன. மூன்றரை வயதில் ஏ முதல் இசட் வரை எழுத வேண்டும், வீட்டுப்பாடம் வேண்டும், தேர்வு வேண்டும், சேர்க்கும்போது குழந்தைக்கு நேர்காணல் வேண்டும். ஒரு பள்ளியில் நான் பார்த்தேன். குழந்தையின் விரல் இன்னும் பென்சிலைப் பிடிக்கப் பழகவில்லை. டீச்சர் அதன் கையைத் தன் கைக்குள் அழுத்திப் பிடித்து ஒரு பக்கம் முழுவதும் எழுதி முடித்தார். வாசலில் வேதவசனம் எழுதிய பலகை. அந்தப் பலகைக்கும் அந்த நோட்டுக்கும் என்ன உறவு? பெற்றோர் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் பிள்ளையை மாற்றிவிடுவார்கள் என்பது பதில். வியாபாரிக்கு அது போதுமான பதில். உங்களுக்கு அது போதாது. வியாபாரியால் முடியாததைச் செய்யத்தானே கடவுள் பெயரைப் பலகையில் எழுதினோம்?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று இங்கே யாராவது கேட்கக்கூடும். மூன்று வயதுக் கையை வளைப்பதற்காக அந்தப் பழமொழி பிறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

விளையாட்டை நம்பிப் பெற்றோரிடம் பேசச் சான்று வேண்டுமா? இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில், 1962-இல் தொடங்கிய பெரி பள்ளி ஆய்வு. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் காலையில் இரண்டரை மணிநேர மழலையர் பள்ளி. வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்வார். இந்தக் குழந்தைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். முதலில் கிடைத்த அறிவுத்திறன் மதிப்பெண் வித்தியாசம் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், வேலையில் நிலைத்தவர்கள், சிறைக்குப் போகாதவர்கள் இவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள். மதிப்பெண் போனாலும் குணம் நின்றது. அங்கே குழந்தைகள் தாங்களே திட்டமிட்டு விளையாடினார்கள். பெரியவர்கள் கூட இருந்து பேச்சுக் கொடுத்தார்கள்.

இன்னொரு சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் 320 அங்கன்வாடி மையங்களில் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சில மையங்களில் கூடுதலாக ஒருவரை, அரைநாள் வேலைக்கு, கற்பித்தலுக்கென்றே நியமித்தார்கள். பதினெட்டு மாதங்களில் அந்த மையங்களின் குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. ஏனென்றால் பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் சத்துமாவு கொடுக்கவும் நேரம் கிடைத்தது. புதிய கட்டடம் இல்லை, கணினி இல்லை. கூடுதலாக ஓர் ஆள், அவ்வளவுதான்.

மலையில் அந்த ஓர் ஆளை யார் கொடுப்பது? நீங்கள் கொடுக்கலாம். அங்கன்வாடி இருக்கும் ஊரில் அதற்குப் போட்டியாக இன்னொரு மையம் திறக்காதீர்கள். இருக்கும் பால்வாடி டீச்சருக்குத் துணையாக, துறையின் அனுமதியோடு, அதே ஊரில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒரு மலைப் பெண்ணைப் பயிற்சி கொடுத்து அமர்த்துங்கள். அவள் பேச்சுக் குழந்தைக்குப் புரியும். அடுத்த வளவு தாய்க்கு அவள் அத்தை முறையோ சித்தி முறையோ ஆவாள். உறவுக்காரியிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எந்தத் தாயும் யோசிக்க மாட்டாள். கீழிருந்து ஜீப்பில் வந்து மழை பெய்த நாளில் வராமல் போகிறவரைவிட அவள் எவ்வளவோ மேல்.

அவளுக்குச் சம்பளம் கொடுங்கள். இதை நான் இரண்டுமுறை சொல்ல விரும்புகிறேன்: சம்பளம் கொடுங்கள். மத நிறுவனங்களின் மழலையர் பள்ளிகளில் ஆசிரியைகளுக்குக் கொடுக்கும் தொகையைச் சபையில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேட்டால் இது ஊழியம், இது சேவை என்கிறோம். ஊழியம் செய்ய முன்வந்தவர் தானாக வயிற்றைக் கட்டலாம். இன்னொரு வீட்டுப் பெண்ணின் வயிற்றை நாம் கட்ட முடியாது. ஓபர்லின் சாராவைக் கண்டதும் முதலில் செய்தது ஊதியம் ஏற்பாடு செய்ததுதான். மனம் வெந்துகொண்டிருக்கும் ஆசிரியையிடம் மூன்று வயதுக் குழந்தை முதலில் கற்பது அந்தச் சலிப்பைத்தான்.

ஆங்கிலம் பற்றி மலைப் பெற்றோரும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம், கீழே வேலைக்குப் போனால் என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் முதலில் குழந்தை தன் பேச்சில் வாயாடட்டும். மரவள்ளிக் காட்டில் பன்றி வந்த கதையை மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எந்த மொழியும் பின்னால் வரும். மலைப் பேச்சைத் திருத்தாதீர்கள். அதைத் திருத்தினால் அது வாயை மூடிக்கொள்ளும்; மூடிய வாய்க்கு இங்கிலீஷும் வராது.

இனி செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில், ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருக்கும் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்றது. கேட்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கேட்கலாம் என்றே மலையில் பல ஊர்களுக்குத் தெரியாது. எழுதத் தெரிந்த உங்கள் ஆட்கள் வளவு வளவாகப் போய்க் குழந்தைகளை எண்ணட்டும். நாற்பதும் அதற்கு மேலும் இருக்கும் இடங்களின் பட்டியலை ஊர் மக்கள் கையெழுத்தோடு மாவட்ட ஆட்சியரிடமும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் சேர்ப்போம். நாற்பதுக்குக் குறைந்த இடங்கள், எட்டுக் குழந்தைகள், பதினைந்து குழந்தைகள் இருக்கும் இடங்கள், எந்தக் கணக்கிலும் வராதவை. அவற்றை நீங்கள் உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வளவுக்கு இரண்டு மதத்தார் போய் நிற்க வேண்டாம்; யாரும் போகாத வளவும் இருக்க வேண்டாம். சகோதரிகள் ஓடைக்கு இந்தப் பக்கம் எடுத்தால் ஜமாத்தார் அந்தப் பக்கம் எடுக்கலாம். ஆசிரமத்தார் அதற்கும் மேலே போகலாம். பயிற்சி வகுப்பை எல்லோரும் சேர்ந்தே நடத்தலாம்; கடுக்காய் எண்ணுவதற்கு மதம் குறுக்கே நிற்காது.

வாசலில் போட்டிருக்கும் மேசையில் மலைப் பஞ்சாயத்துகளின் பெயர்கள் எழுதிய தாள் ஒன்று வைத்திருக்கிறேன். குடியிருப்பின் பெயர், குழந்தைகளின் எண்ணிக்கை, அருகில் உள்ள மையத்துக்கு எவ்வளவு தூரம், யார் போய் எண்ணுவது என்று நான்கு கட்டங்கள். மலையிலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள் முதலில் வாருங்கள், ஊர்ப் பெயர்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டத்தில் மற்றவர்கள் பெயர் எழுதுங்கள். கேள்விகளை அந்த மேசையைச் சுற்றி நின்றே பேசிக்கொள்வோம்.